ஒகேனக்கல்லுக்காக அழுத அழுகை

என் புருஷன் செத்ததால்தான் நான் ஒகேனக்கல் பார்த்தேன். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இதுதான் வரும், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவரை நச்சரித்தேன். வெள்ளம் வடியட்டும் என்பார், அறுப்பு முடியட்டும் என்பார். அருவி எங்கே ஓடிப்போகிறது என்று சிரிப்பார். முறைக்காய்ச்சல் வந்து அவர்தான் போனார்.

சாம்பலைக் காவிரியில் கரைக்க மாமனாரும் நாத்தனாரும் புறப்பட்டார்கள். தாலியறுத்தவள் வாசலைத் தாண்டக் கூடாது என்றார் நாத்தனார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாதி அவருக்காக, மீதி அருவிக்காக. எந்தப் பாதி பெரிது என்று எனக்கு அப்போதே தெரியும். மாமனாருக்குத் தெரியாது.

"வரட்டும் வுடு. அவளுக்கும் மனசு ஆறட்டும்," என்றார்.

அது யுத்த காலம். பென்னாகரம் வரை, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ், அப்புறம் மாட்டு வண்டி. காட்டு இறக்கத்தில் தண்ணீர் இரைச்சல் கேட்டது. முகம் என் ஆசையைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பரிசலில் போய், பாறைகளுக்கு நடுவே மாமனார் கலயத்தைக் கவிழ்த்தார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து நானும் அழுதேன். அந்த அழுகையில் கலப்படம் இல்லை.

கரைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வட்டப் பரிசலுக்கு முன்னும் பின்னும் ஏது? நீரோட்டத்தில் சிக்கி அது பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது.

"கண்ண மூடிக்க," என்றார் நாத்தனார்.

மூடினேன். சாரல் முகத்தில் அடித்ததும் திறந்துவிட்டேன். பாறை, வானம், வெள்ளை வெளேரென்று தண்ணீர், மறுபடியும் பாறை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பரிசல்காரர் துடுப்பைப் போட்டு நிறுத்தினார். நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாம்பலே இன்னும் கரையல, அதுக்குள்ள இளிக்கிறா. இவள அவ சித்தப்பன் வூட்டுக்கே அனுப்பிடுங்கப்பா."

அப்பா அம்மா இல்லாத எனக்குச் சித்தப்பா வீடுதான் பிறந்த வீடு. ஒரு வாய் குறையட்டும் என்றுதான் அங்கிருந்து என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"மாமா, வாசல்ல நான் அருவி பாக்கத்தாங்க அழுதேன்."

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"கூட்டியாறேன்னு சொல்லியிருந்தானா?"

"சொல்லியிருந்தாருங்க."

"அவங்க ஆத்தாகிட்ட நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைசியில அவளையும் கலயத்துலதான் கொண்டாந்தேன்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனார் பரிசல்காரரிடம், "இன்னொரு சுத்து வுடுப்பா. இந்தப் புள்ள நல்லா பாக்கட்டும்," என்றார்.

பரிசல் மறுபடி சுற்றியது. எனக்காகச் சுற்றச் சொன்னவர் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். மூடிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னாரே என்று நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன், ஆனால் அருவிப் பக்கம் பார்க்க முடியவில்லை.