ஒட்டுக்கேட்கப் படித்த மொழி

நான் போர்ச்சுகீசியம் படித்தது வெளிநாட்டு வேலைக்காகவும் இல்லை, ஊர் சுற்றிப் பார்க்கவும் இல்லை. ஒருவன் பேசுவதை அவனுக்குத் தெரியாமல் கேட்பதற்காகப் படித்தேன். நாற்பத்தாறு வயதில், விருதுநகர் பஜாரில் ஒரு பருப்புக் கம்பெனியின் மாடி அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கீழே தெருவில் இறங்கும் மிளகாய் வத்தல் மூட்டைகளின் நெடிக்குத் தும்மித் தும்மிப் படித்தேன். நான்கு மாதம் ஆயிற்று.

அந்தக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்களும் துறைமுகத்துக் காகிதங்களும் என் பொறுப்பு. எங்கள் முதலாளி மொசாம்பிக் நாட்டிலிருந்து துவரை வரவழைக்கிறார். அங்கே சரக்கைப் பார்த்து வாங்கி, மூட்டை போட்டு, கப்பலேற்றிவிடுகிறவன் நம் ஊர்க்காரன்தான். அச்சங்குளத்துப் பையன். அம்மா, அப்பா இரண்டு பேருமே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போனவர்கள். அவன் மட்டும் யாரோ கூட்டிக்கொண்டு போக, மொசாம்பிக்கில் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்து, பத்து வருஷத்தில் அந்த நாட்டுப் பேச்சையும் துவரை வியாபாரத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டான்.

ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் குடோனிலிருந்து வீடியோவில் வருவான். மூட்டையில் குத்தூசியைச் செருகி, அதில் வருகிற துவரையை உள்ளங்கையில் கொட்டி, கேமராவுக்குக் கிட்டத்தில் காட்டுவான். எங்களிடம் தமிழ். மூட்டை தூக்குகிறவர்களிடம் போர்ச்சுகீசியம். அந்த இரண்டாவது பேச்சுதான் முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்தது.

போன சீசனில் ஒரு லோடில் பழைய சரக்கு கலந்து வந்துவிட்டது. வண்டு விழுந்த துவரை. அந்தத் தம்பியே போன் பண்ணி, தான் இல்லாத நேரத்தில் ஏற்றிவிட்டார்கள், தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதுதான் முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

"இம்புட்டு லேசா எவனாச்சும் தப்ப ஒத்துக்குவானா? பெருசா எதையோ மறைக்கான்யா" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் கடைப் பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாங்க வந்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே முதலாளி குடோன் ஆளைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்வார். கேட்கிறவருக்குத் தமிழ் மாதிரித்தான் இருக்கும், அர்த்தம் மட்டும் பிடிபடாது. 'இவருக்குப் பழசைக் காட்டு' என்று அர்த்தமாக இருக்கலாம். 'விவரமான ஆள், நல்லதை எடு' என்றும் இருக்கலாம். தலைமுறையாக வியாபாரிகளுக்குள் புழங்குகிற சங்கேதம் அது. எனக்கு முழுசாகப் பிடிபட இரண்டு வருஷம் ஆனது. பிடிபட்ட அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை ஏமாற்று என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. தொழில் என்றுதான் நினைத்தோம்.

ஆகவே முதலாளிக்குப் போர்ச்சுகீசியமும் அப்படி ஒரு கடைப் பேச்சாகவே பட்டது.

"நம்மள எதுக்க வச்சுக்கிட்டே அவங்ககிட்ட வேற பேச்சு பேசுறானே, எதுக்கு? நாம எதுக்குப் பேசுறோமோ அதுக்குத்தான். நீ அதப் படிச்சிரு."

அது ஒரு நாட்டு மொழி, அதில் ஜனங்கள் சண்டை போடுகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், அழுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதான்யா" என்று பென் டிரைவை என் மேஜையில் வைத்தார். நாமாகவே உட்கார்ந்து போர்ச்சுகீசியம் படித்துக்கொள்ளும் மென்பொருள் அதில் இருந்தது. வாத்தியார் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், வெளியே யாருக்கும் தெரியவும் தெரியாது. வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்பது உத்தரவு.

முதலாளியின் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் தயாராக இல்லை. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடையில் வாங்கிய காய்கறியை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பேன். டாக்டர் நல்ல செய்தி சொன்னால் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அந்தத் தம்பி என்னை வார்த்தைக்கு வார்த்தை 'அண்ணாச்சி' என்பான், "சாப்பிட்டீகளா அண்ணாச்சி" என்று கேட்காமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டான். நேரில் பார்க்காத ஒருவனுக்கு என் சாப்பாட்டின் மேல் என்ன இத்தனை அக்கறை என்று எனக்கு எப்போதுமே ஒரு நெருடல் உண்டு. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு உள்ளூர இனித்தது.

மென்பொருளும் எனக்குச் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. முதல் பாடத்தில் ஒரு பெண் தண்ணீர் குடித்தாள், ஒரு ஆண் ஆப்பிள் தின்றான். இரண்டாம் பாடத்தில் ஆப்பிளைப் பெண் தின்றாள். படத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பச்சைக் கோடு, தப்பென்றால் சிவப்பு. பாதி வார்த்தைகளை மூக்கால் பேச வேண்டியிருந்தது. ஜலதோஷம் பிடித்த நாட்களில் எனக்குப் பச்சை அதிகம் விழுந்தது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சோதிப்போம் என்று மைக்கில் 'துவரம்பருப்பு' என்று அழுத்தமாகச் சொன்னேன். பச்சை! கூடவே ஒரு பாராட்டு மணியும் அடித்தது. அதற்குப் பிறகு அது என்னை எத்தனை புகழ்ந்தாலும் நான் மயங்கவில்லை. என் குரல் எங்கே போகிறது, எந்த ஊரில் எவன் உட்கார்ந்து கேட்கிறான் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. பாடம் இல்லாத நேரத்தில் மைக்கின் மேல் கைக்குட்டையைப் போட்டு வைத்தேன்.

இன்னொரு மோசடியும் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியில் படித்ததை வைத்துக்கொண்டு, முதலாளி பதிவு செய்து வைத்திருந்த பழைய வீடியோக்களைக் கேட்டால் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. விசாரித்தால், மென்பொருள் சொல்லித்தருவது பிரேசில்காரர்களின் பேச்சாம். மொசாம்பிக்கில் அதே வார்த்தையைப் பாதி விழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள். விமான நிலையம், ஓட்டல் அறை, திராட்சை ரசம் எல்லாம் பாடத்தில் உண்டு. சாக்கு இல்லை, குடோன் இல்லை, வண்டு இல்லை. அவற்றை நானே தேடிப் பிடித்து, கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

அப்படி ஒரு தாள் துணி துவைக்கும்போது என் மனைவியின் கையில் சிக்கியது. என் கையெழுத்து, தமிழ் எழுத்து, ஆனால் ஒரு வரிகூடப் புரியவில்லை. முன்பக்கத்தில் அமாவாசை.

"யாருக்குச் செய்வினை வைக்கப் போறீக?" என்று கேட்டாள்.

ஆபீஸ் சமாச்சாரம் என்றேன். "ஆபீஸ்ல மந்திரமா ஓதுறீக?" என்று இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவளுக்கு அச்சங்குளத்துக்குப் பக்கத்து ஊர். உண்மையைச் சொன்னால் அது வேன் ஏறி அந்தப் பையனின் அம்மா காதுக்குப் போய்விடும் என்று பயந்து, மந்திரவாதி என்ற பெயரோடேயே இருந்துவிட்டேன்.

மூன்றாவது மாத வாக்கில் பழைய வீடியோக்களில் வார்த்தைகள் தட்டுப்பட ஆரம்பித்தன, அரிசி களையும்போது விரலில் கல் தட்டுப்படுகிற மாதிரி. 'திற'. 'இது வேண்டாம்'. 'பழசு'. பழசு என்ற வார்த்தை கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாட்டிக்கொண்டான் என்றே நினைத்தேன்.

அடுத்த லோடுக்கான வீடியோ ஒரு மத்தியானம் மூன்றரைக்கு வந்தது. அங்கே அப்போது உச்சிப்பொழுது. முதலாளி கேமராவுக்கு நேராக உட்கார்ந்தார். நான் சுவரோரமாக, கேமராவில் விழாத இடத்தில் ஸ்டூலில். ஏதாவது தில்லுமுல்லு காதில் விழுந்தால் கையிலிருக்கும் பென்சிலை மேஜையில் வைத்துவிட வேண்டும். வைத்த மறு நிமிஷம் அவனுடைய வேலை போய்விடும். புது ஆளுக்குக்கூட அவர் சொல்லி வைத்திருந்தார்.

"சாப்பிட்டீகளா மொதலாளி" என்று ஆரம்பித்தான். "அண்ணாச்சி இல்லையா?"

"வெளிய போயிருக்கான்" என்றார் முதலாளி, என்னைப் பார்க்காமல்.

நாலைந்து மூட்டையில் குத்தூசி போட்டுக் காட்டினான். நல்ல சரக்கு. அடுத்த மூட்டையைத் தூக்கி வந்தவனிடம் ஏதோ சொன்னான். அந்த ஆள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். தம்பியின் குரல் ஏறியது. இரண்டு பேரும் ஒரு நிமிஷம் போலப் பேசினார்கள். பென்சிலை மேஜைக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

எனக்குப் புரிந்தது இதுதான். இது வேண்டாம், இது போன வருஷத்துப் பழசு, தனியாக வை என்கிறான் இவன். அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், பார்க்கவா போகிறார்கள் என்கிறான் அவன். அதற்கு இவன் சொன்னது: "அவர்கள் என் ஊர்க்காரர்கள். என் அம்மா அங்கேதான் இருக்கிறாள். ஒரு தடவை தலை குனிந்தது போதும்."

பிறகு கேமரா பக்கம் திரும்பி, "இந்த மூட்ட வேணாம் மொதலாளி, பின்னாடி உள்ளதக் காட்டுறேன்" என்று தமிழில் முடித்துவிட்டான். அந்தத் தொழிலாளி சொன்னதை எங்களிடம் கோள் சொல்லவில்லை. தன் நேர்மையைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பென்சில் என் கையிலேயே இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு மாதம் படித்த மொழியில் நான் கேட்ட முதல் உருப்படியான பேச்சு அது, அதுவும் சுவருக்கு அண்டையில் ஒளிந்துகொண்டு.

வீடியோ முடிந்ததும் கேட்டதை ஒன்றுவிடாமல் முதலாளியிடம் சொன்னேன். அதைக் கேட்டும் அவர் சமாதானமாகவில்லை.

"அம்புட்டு நேரம் பேசுனான். நமக்கு ஒத்த வரிதான் சொன்னான்."

"நல்லதுதான பேசினான் மொதலாளி."

"எல்லாம் புரிஞ்சுதா ஒனக்கு?"

முக்கால்வாசி என்றேன். மூட்டை தூக்குகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர்களுடைய சொந்த பாஷை, அது தெரியாது என்றும் சொன்னேன். உண்மையைச் சொல்லியே பழக வேண்டும் என்று அன்றைக்குப் போய் எனக்குத் தோன்றித் தொலைத்தது.

"மிச்சம் காவாசியிலதான்யா இருக்கு சமாச்சாரம்" என்றார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "ஒம் பொண்டாட்டிக்கு அச்சங்குளத்துப் பக்கந்தான ஊரு?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. நானும் அந்தப் பையனுக்கு உடந்தையோ என்ற சந்தேகம் அது.

லோடு வந்து சேர்ந்தது. ஒரு வண்டு இல்லை, ஒரு கல் இல்லை. முதலாளி தானே இருபது மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தத் தம்பியின் வேலை தப்பித்தது என்று எனக்குப் பெரிய நிம்மதி. அவனைக் காப்பாற்றியதே நான்தான் என்றுகூடக் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்.

அந்த மிதப்பில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஏதோ ஒரு காகிதத்துக்காக அவன் எனக்குப் போன் பண்ணினான். சாப்பிட்டீகளா என்றான். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அவனைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற ஒரே ஆசையில், போர்ச்சுகீசியத்தில் சொன்னேன்: சரக்கு ரொம்ப நன்றாக இருக்கிறது, நீ நல்ல மனிதன், நன்றி. பெட்டியிடம் இல்லாமல் ஒரு மனிதனிடம் அந்த மொழியை நான் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"எப்பப் படிச்சீக அண்ணாச்சி?"

"நாலு மாசமாத்தான் தம்பி. கம்ப்யூட்டர்ல."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

காகிதம் எப்போது வரும் என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன்.

"அன்னைக்கு வீடியோவுல அண்ணாச்சி இல்லையான்னு கேட்டேன். அங்கனதான் இருந்தீகளோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருந்தேன் தம்பி. ஆனா நீ பேசினதக் கேட்டு ஒன்னப் பத்தி நல்லதாத்தான் மொதலாளிகிட்டச் சொன்னேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எங்கம்மாவ பட்டாசுக் கம்பெனி வாசல்ல தெனமும் தடவிப் பாத்துத்தான் உள்ள விடுவாக அண்ணாச்சி. தீப்பெட்டி, செல்போனு எதுவும் இருக்கான்னு. எங்கம்மா அதுக்கு ஒருநாளும் மொகம் சுளிச்சதில்ல. மூஞ்சிக்கு நேரா தடவுறாக, எல்லார் உசுருக்காகவும் தடவுறாக. நீங்க என்னத்துக்குத் தடவுனீக?"

அவனே தொடர்ந்தான். "காகிதத்த நாளைக்கு அனுப்பிருதேன். அடுத்த சீசனுக்கு வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லுங்க."

நடந்ததை முதலாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நான் போர்ச்சுகீசியம் பேசியதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகத்தில் இத்தனை மாதமாக இல்லாத ஒரு தெளிச்சி வந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா? நமக்குப் புரியும்னு தெரிஞ்ச ஒடனே ஓடிட்டான். நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

அவன் ஓடவில்லை, நாம்தான் அவனைத் துரத்தினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லப் போகிற ஒவ்வொரு வார்த்தையையும் என் மனைவியின் ஊரோடு சேர்த்துத்தான் அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். என் பெண்ணுக்கு அந்த மாதம் காலேஜ் சேர்க்கை.

"ஆமா மொதலாளி" என்றேன்.