துரைசானி சொன்ன ‘ஷுட்’

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. மதுரையில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு, கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். பிறந்த வீட்டில் வாயாடி என்று பெயரெடுத்த நான், மாமியார் முன்னால் ஊமை. புது மருமகள் யோசனை சொல்வதா? அந்த வீட்டில் அது நடக்கவே நடக்காது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார், காலும் முகமும் வீங்கி, தலைவலி தாங்காமல் சுருண்டு கிடந்தாள். கண்ணும் மங்குகிறது என்றாள். அன்று ஊருக்கு வந்திருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவை அழைத்து வந்தார்கள். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

பார்த்து முடித்தவர், “ஷி ஷுட் கம் வித் மீ டுடே” என்றார் மெதுவாக. ‘ஷுட்’ (should) என்றால் ‘செய்தால் நல்லது’ என்று யோசனை சொல்வது, ‘மஸ்ட்’ என்றால்தான் கட்டாயம் என்று படித்திருந்தேன். படித்தபடியே சொன்னேன்.

“இன்னைக்கே அவுக கார்ல போனா நல்லதாம் அத்தை.”

“நல்லதுதேன். செவ்வாக்கெழமையும் அதுவுமா புள்ளத்தாச்சிய வாசல் தாண்ட விடுறதா? நாளைக்குப் பாப்போம்.”

அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். மறுபடியும் அதே ‘ஷுட்’, அதே மெல்லிய குரல். ஆனால் அவர் கண் நாத்தனாரின் காலை விட்டு நகரவில்லை. அவர் சொல்வது வெறும் யோசனை இல்லை என்று எனக்குப் பட்டது. ஆண்கள் எல்லாரும் வயலில். வாசலில் டாக்டரம்மாவின் டிரைவர் கார் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

“அத்தை, இப்பவே கெளம்பியாகணுமாம்! நாளைக்குன்னா தாயும் தங்காது, புள்ளையும் தங்காதுங்கிறாக!”

டாக்டரம்மா அப்படிச் சொல்லவேயில்லை.

“ஆத்தா மீனாச்சி!” என்று அலறிய மாமியார், மகளைத் தாங்கிக்கொண்டு காரில் ஏறினார். நானும் ஏறினேன். மேலூர் தாண்டுவதற்குள் நாத்தனாருக்கு வலிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா ஊசி போட்டார். மதுரை வரைக்கும் நான் அவள் காலை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“அந்தம்மா ரெண்டு வார்த்ததேன் பேசுச்சு. நீ அம்புட்டு சொன்ன. யாரு சொன்னது அது?”

“நாந்தேன் அத்தை.”

பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ பேரனை என் மடியில் போட்டார்.

“அடி கூறுகெட்டவளே, இனிமே அடுத்தவுக பேரைச் சொல்லாம ஒன் வாயாலயே சொல்லு.”

இன்றைக்கும் யாருக்காவது யோசனை சொல்லும்போது, ‘செய்தால் நல்லது’ என்று இழுக்க எனக்கு வராது. வாசலில் அந்தக் கார் கிளம்பிய சத்தம் காதில் கேட்டுவிடும்.