என் இடப்பக்கத்து நாற்காலி

மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. என் இடது காது கேட்காது. இது பள்ளியில் அறிவியல் ஆசிரியை செல்விக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கூட்டங்களில் என் இடப்பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கமிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டால் மேசையில் விரலால் தட்டுவாள்.

போன ஆண்டு பத்தாம் வகுப்பு முதன்முறையாக எனக்குக் கிடைத்தது. பெற்றோர் கூட்டத்தில், கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் எனக்கு எதிரே எழுந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். உங்களுக்குக் காது கேக்காதாம்ல? எம்புள்ள சந்தேகம் கேட்டா என்ன செய்வீங்க?"

"யார் சொன்னாங்க?"

"செல்வி டீச்சர்தான். பிள்ளை அவங்ககிட்ட டியூசன் போகுது."

செல்வி அப்போதும் என் இடப்பக்கம்தான் இருந்தாள். தலை நிமிரவில்லை.

அந்த வாரமே பத்தாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். "உங்க நல்லதுக்குத்தான்" என்றார் தலைமையாசிரியை. என் வலது காதைப் பற்றி அவர் விசாரிக்கவே இல்லை. செல்வியிடம் கேட்டேன். "அவங்களா கேட்டாங்கக்கா. நான் பொய்யா சொல்ல முடியும்?" என்றாள்.

இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் முதல் நாளே நானே சொல்லிவிட்டேன். "இந்தக் காது கேக்காது. சந்தேகம்னா வலப்பக்கம் வாங்க."

"அப்ப இடப்பக்கம் உக்காந்தா பேசலாமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"பேசு. உன் வாயைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆசிரியர் கூட்டங்களில் இப்போது இடப்பக்கச் சுவரை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருகிறேன். அந்தப் பக்கம் யாரும் உட்கார முடியாது.