நீல மப்ளர்

நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சித்தப்பா தகரப் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். சித்தி அவருக்கு எதிரே, கையில் நீல மப்ளரோடு நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். மறுநாள் காலையில் சித்தப்பா கப்பல் ஏறவேண்டும்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. ராயபுரத்தில் கடலை ஒட்டின குப்பம் எங்களுடையது. நைனாவும் சித்தப்பாவும் ஒரே கட்டுமரத்தில் போனவர்கள். கல்யாணமாகி ஆறாம் மாதம் சித்தப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் கலாசி வேலை கிடைத்தது. கப்பல் சீமைக்குப் போகிறது, அங்கே பனி கொட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சித்திக்கு அதே நினைப்பு.

சித்தி மீன் கொடுக்கிற வீடுகளில் ஒன்று ரயில்வே கார்டு வீடு. அந்த வீட்டு ஆங்கிலோ-இந்திய அம்மாவை நாங்கள் சட்டைக்காரம்மா என்போம். அவர் மத்தியானமானால் வராந்தாவில் உட்கார்ந்து கம்பளி நூலில் எதையாவது பின்னிக்கொண்டிருப்பார். அவருக்கு அது பொழுதுபோக்கு. மிச்சம் கிடந்த நீல நூலைச் சித்தி கேட்டு வாங்கிவந்தாள். எப்படிப் போடுவது என்று பார்த்துக்கொண்டும் வந்தாள். சித்தப்பா பழைய குடையிலிருந்து இரண்டு கம்பியை உருவி, கல்லில் உரசி முனையை மழுக்கிக் கொடுத்தார். அதுதான் ஊசி.

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மெட்ராஸ் வெயில்ல கம்பளி பின்னுறவ நீ ஒருத்திதாண்டி. இங்க ஆட்டுக்கே வேர்த்துக்கினு கீது."

"அவரு போற ஊருல வேர்க்காதாம்க்கா."

"நீ பின்ற வேகத்துக்கு அவரு போயி திரும்பியே வந்துருவாரு."

வேகம் இல்லைதான். ஒரு வரிசைக்கு ஊசியில் முப்பத்திரண்டு நூல் வளையம், முப்பத்திரண்டு கண். ஒவ்வொரு வரிசையும் முடித்துச் சித்தி எண்ணிப் பார்ப்பாள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பிரித்துவிடுவாள். ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் எதற்கு என்பாள்.

எனக்குப் பொறுமை இல்லை. நான் வலை வீட்டுப் பிள்ளை. எட்டு வயதிலேயே வலைக்கு முடிச்சுப் போடுவேன். இடது கை. அதனால் என் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பீச்சாங்கை முடிச்சு என்பார் நைனா. எவ்வளவு பெரிய வலையிலும் அது எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கப்பலுக்கு நாலைந்து நாள் இருக்கும். சித்தி கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனதும், தலையணைக்கு அடியிலிருந்து மப்ளரை எடுத்தேன். ஒத்தாசை செய்வதாகத்தான் நினைப்பு. நாலு வரிசை போட்டேன். நாலாவதில் ஒரு கண் ஊசியைவிட்டு நழுவிவிட்டது. நான் பயப்படவில்லை. வலையில் ஒரு கண் அறுந்தால் அந்தக் கண்ணோடு சரி. பக்கத்துக் கண் தன் முடிச்சில் நிற்கும். இதுவும் அப்படித்தான் என்று இரண்டு பக்கத்து நூலையும் இழுத்து ஓட்டையின்மேல் ஒரு வலை முடிச்சுப் போட்டு, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். கம்பளிப் பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொரு கண் நிற்கிறது. ஒன்று விட்டால் கீழே இருப்பதெல்லாம் விடும். அது எனக்குத் தெரியாது.

சித்தி வந்து எண்ணினாள். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். கப்பலுக்கு நாள் இல்லை. அந்த ஒரு தடவை அவள் பிரிக்கவில்லை. ஒன்றைக் கூட்டிப் போட்டுக்கொண்டு மேலே போனாள்.

அந்த மப்ளரைத்தான் சித்தப்பா பெட்டி அடுக்கின அன்றைக்கு வாங்கிக் கழுத்தில் போட்டார். கயிற்றின் பலம் பார்ப்பதுபோல் இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்தார். முடிச்சு நகர்ந்தது. அதன் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கண் கண்ணாக விட்டுக்கொண்டே போயிற்று.

"இன்னாது இது? மத்தி மீனு பூந்து அந்தாண்ட போயிரும் போல கீதே."

அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நைனா மப்ளரை வாங்கினார். கட்டைவிரலால் தடவி முடிச்சைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

சித்தி சட்டென்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் மாமா. தூக்கக் கலக்கத்துல ஒண்ண வுட்டுட்டேன்."

"முடிச்சு?"

"அதுவும் நான்தான்."

நைனா கதவிலிருந்து கண்ணை எடுத்தார். தப்பித்தேன் என்று இருந்தது எனக்கு.

சித்தப்பா கையை நீட்டினார். "சரி குடு. ஓட்டையோட சுத்திக்கிறேன். அங்க எவன் பாக்கப் போறான்."

"வாணாம். நீ திரும்பி வர்றதுக்குள்ள ஒழுங்கா கத்துக்கினு வேற போட்டு வெக்கிறேன்."

"குளிரும்னு நீதானடி சொன்ன?"

"ஓட்டையோட குடுக்க மாட்டேன்."

அந்த நேரத்தில் நான் வெளியே வந்திருக்கலாம். பிள்ளை போட்ட ஓட்டை என்றால் சித்தி என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு மப்ளரைப் பெட்டியில் வைத்திருப்பாள். தன் பிழை என்று வாயால் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவளால் கொடுக்க முடியவில்லை. நான் வரவில்லை. பெட்டியை மூடிக் கயிறு கட்டினார்கள்.

சித்தப்பாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை. கப்பல் திரும்பி வந்தபோது அவர் அதில் இல்லை. கூடப் போனவர்களிடம் நைனா போய்க் கேட்டார். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினவன் திரும்ப ஏறவில்லை என்றார்கள். அதற்குமேல் அவர்களும் சொல்லவில்லை. நைனாவும் கேட்கவில்லை.

சித்தி மப்ளரைப் பின்னிக்கொண்டே இருந்தாள். முடித்ததும் மடியில் விரித்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்ப்பாள்.

"இன்னும் சரியா வரல பாப்பா."

பிரித்துவிடுவாள். நூலைத் தண்ணீரில் போட்டுச் சுருக்கம் எடுத்துக் காயவைப்பாள். மறுபடி முப்பத்திரண்டு கண்ணில் ஆரம்பிப்பாள்.

அவளுக்குக் கை வரவில்லை என்றே நான் நினைத்தேன். ஒரு தடவை அவள் இல்லாதபோது, முடித்த மப்ளரை வாசல் வெளிச்சத்தில் பிடித்து வரிசை வரிசையாகத் தேடினேன். ஒரு பிழைகூட அகப்படவில்லை. எனக்குக் கண் போதவில்லை என்று வைத்துவிட்டேன். நான் மீன் கொண்டுபோன ஒரு நாள் சட்டைக்காரம்மா கேட்டார்.

"உன் சித்தி என்னைவிட நல்லா போடறா. ஏன் பிரிக்கிறா?"

"தப்பு கீதாம்" என்றேன்.

அவர் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த முடிச்சு என்னுடையது என்று நான் சித்தியிடம் சொல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை. அவள் பிரிக்கப் பிரிக்க நூலை உருண்டையாகச் சுற்றுவது என் வேலை. கல்யாணமாகி எண்ணூருக்குப் போகும்வரை சுற்றினேன்.

பதினொரு தடவை.