வண்டிக்குச் சேதமில்லை

எஞ்சினின் இருபுறமும் வளையமாகப் பூட்டும் இரும்புக் குழாயை இங்கே கிராஷ் பார் என்பார்கள். நெடும்பயணம் போகவென்று நானும் மனைவியும் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு அதைப் பூட்டச் சொல்லி அவள் மூன்று முறை கேட்டாள். நான் பயணக் கொப்பியை விரித்துக் காட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்தின் தூரம், டயர்க் காற்று, பழுது எல்லாம் அதில் உண்டு. பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. பாரம்தான் கூடும் என்றேன்.

"இஞ்சருங்கோ, உங்கட கொப்பியில இல்லாதது நடக்காதோ?" என்று சிரித்தாள்.

நடந்தது. திரியாய் ஊருக்குப் போகும் பாதையில் மாடுகள் கடக்கட்டும் என்று ஓரமாக நிறுத்தினேன். கால் ஊன்றிய இடம் மணல். நின்ற வண்டி மெதுவாகச் சாய்ந்தது. அவளுடைய இடது கணுக்கால் அடியில் அகப்பட்டது. எலும்பு பொருந்திய பின்பும் நொண்டித்தான் நடந்தாள். பின்சீற்றில் மறுபடி ஏறவேயில்லை. போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டாள்.

அவளுடைய முதலாம் வருட நினைவான ஆட்டைத் திவசம் முடிந்து ஒரு வாரம் கழித்து வண்டியைத் துடைத்து வெளியே எடுத்தேன். கிராஷ் பார் பூட்டுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். தனியாக ஓடுகிறவனுக்கு அது அவசியமில்லை. பூட்டாவிட்டால் அவளை நாலாம் முறையும் மறுத்ததாகும்.

கிண்ணியாவில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் என்னிலும் மூத்தவர். அண்ணன் முறைக்கு 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒராள்தானே ஓடப்போறீங்க சேர். இது என்னத்துக்கு?"

"பூட்டி, இடப்பக்கம் ஒருக்காச் சரிச்சுக் காட்டுங்கோ நானா. பாத்திட்டுச் சொல்லுறன்."

"நல்லா நிக்கிற வண்டிய விழுத்திக் காட்டச் சொல்ற ஆள இப்பதான் காணுறன்."

பூட்டி முடித்ததும் சாக்கு விரித்தார். இருவருமாகப் பிடித்து மெதுவாகச் சாய்த்தோம். வண்டி குழாயில் தாங்கி நின்றது, நிலத்தில் படுக்கவில்லை. அவள் கால் அகப்பட்ட இடத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். ஆறு அங்குல இடைவெளி. அவள் கணுக்கால் அதில் பாதிகூட இராது.

குனிந்தபடியே இருந்தேன். அவர் கேட்டார்.

"கழட்டவா சேர்?"

"வேண்டாம். இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன்: கிராஷ் பார் பூட்டியது, இடப்பக்கம் ஆறு அங்குலம். பிறகு அவள் விழுந்த நாளின் பக்கத்தைத் திருப்பினேன். கோணாத என் கையெழுத்து.

"திரியாய்ப் பாதை. நிறுத்தியபோது இடப்பக்கம் சாய்ந்தது. வண்டிக்குச் சேதமில்லை. மனைவிக்குக் காலில் காயம்."

அந்த ஒழுங்கில்தான் எழுதியிருந்தேன்.