கல்யாணக் காலையில் ஒரு குளியலறை

அந்தக் குளியல் தொட்டிக்கு இரும்பில் நான்கு கால்கள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்துத் தொட்டி என்று அறையைக் காட்டியவர் பெருமையாகச் சொன்னார். பெங்களூரின் நட்டநடுவில், பெரிய மரங்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய ஹோட்டலின் மதிலையும் ஓட்டுக்கூரையையும் சிறுவயதில் சிவாஜிநகர் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. அத்தை மகளின் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வந்தபோது அங்கே அறை எடுத்தேன். மண்டபம் பக்கம் என்று அத்தையிடம் காரணம் சொன்னேன். ஸ்ரீராம்புரத்தில் அத்தை வீட்டில் கல்யாணக் கூட்டத்தோடு பாயைப் பங்கு போட்டுக்கொள்ள மனமில்லை என்பதுதான் உண்மை. முகூர்த்தத்தன்று காலையில் அந்தத் தொட்டியில் வெகுநேரம் சுகமாகக் கிடந்தேன். இப்போது அப்படியொரு தொட்டியைப் படத்தில் பார்த்தாலும் எனக்கு முகம் சுடுகிறது.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் சந்தில் அவள் வீட்டில் மட்டும்தான் தரைக்கு அடியில் சம்ப் கட்டித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். குழாய் வறண்ட நாளில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் குளியல் அத்தை வீட்டில். ஒரு வீட்டில் தண்ணீர் இருந்தால் அது சந்துக்கே இருக்கிறது என்று பொருள். அதற்காக யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. பரீட்சைக் காலங்களில் நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். வெந்நீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் தேய்த்தாயா என்று வெளியிலிருந்தே அதட்டுவாள். கடைசியில் சம்பின் அடியில் கிடக்கும் கலங்கலில் அவள் முகம் மட்டும் கழுவிக்கொண்ட நாட்கள் உண்டு. அப்போதும் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று நான் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அத்தை. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், நடைபாதை நிறைய, ஆளுக்கொரு பையும் துண்டுமாக. இரவெல்லாம் வேனில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மண்டபத்துக்கு வரவேண்டிய தண்ணீர் லாரி வரவில்லையாம். குளிக்காமல் எப்படி முகூர்த்தத்தில் நிற்பது? அத்தை கொஞ்சமும் கலங்காமல் எல்லோரையும் என் அறைக்கு அழைத்து வந்துவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. கல்யாணத்துக்கு லாட்ஜில் ஓர் அறை போட்டால் சொந்தபந்தம் முழுக்க அதில் வரிசையாகக் குளிப்பதுதான் எங்களில் வழக்கம்.

"வாசல்ல ஒருத்தன் எங்க போறீங்கன்னான். எங்க பொண்ணு ரூமுக்குன்னேன், வழி விட்டுட்டான்" என்று சம்பந்தி அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பெண்ணைப் பெற்றவளின் மானம் அன்று அந்தக் குளியலறையில்தான் இருந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. வாங்க வாங்க என்று சிரித்து வரவேற்றேன். ஆனால் கண் மட்டும் கம்பளத்தையும், பழங்கால மேசைமேல் யாரோ வைத்த தேங்காய் எண்ணெய் பாட்டிலையுமே சுற்றி வந்தது. மாப்பிள்ளையின் அக்கா முதலில் குளிக்கப் போனாள். சம்பந்தி அம்மா, படுக்கை கசங்கிவிடும் என்று தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது போன் அடித்தது. வரவேற்பிலிருந்து ஒரு பெண், மிகவும் மரியாதையாக, உங்கள் அறையில் இத்தனை பேர் தங்குகிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, இவர்கள் என் விருந்தினர்கள் இல்லை, சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர்கள், இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்றேன். பேச்சுக்குப் பேச்சு சாரி சொன்னேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியம். ஆனால் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு சாரி தெரியாதா? என் முதுகைப் பார்த்தே மிச்சத்தைப் புரிந்துகொண்டிருப்பாள். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் என்னைப் பார்க்கவில்லை.

"தண்ணி நின்னுபோச்சாம் சம்மந்தி" என்றாள். "இப்பதான் போன்ல சொல்றாங்க. பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருக்கு, வாங்க பாத்துக்கலாம்."

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஷவர் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. துண்டுகளை மடித்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்கள். இல்லை அத்தை, தண்ணீர் வருகிறது, எல்லோரும் குளித்துவிட்டே போகட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். ஹோட்டல்காரர்கள் அறையை விட்டு வெளியே தள்ளியா இருப்பார்கள்? குளித்துக்கொண்டிருந்தவளை அத்தை கதவைத் தட்டி அவசரப்படுத்தினாள். அவள் தலையைச் சரியாகத் துவட்டாமலே வெளியே வந்தாள்.

கடைசியாகக் கிளம்பிய சம்பந்தி அம்மா வாசலில் நின்று என் தலைத்துண்டைப் பார்த்தார். "நீயாவது குளிச்சியாம்மா?" என்று கேட்டார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. குளித்துவிட்டேன் என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பளத்தில் படாமல் ஓரமாகவே நடந்து போனார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எனக்குப் பார்த்துப் பரிமாறச் சொன்னாள். அந்தக் காலையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் பேச்செடுக்கத் துணிவில்லை. அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று போனில் கூப்பிட்டாள். இந்த முறை உங்கள் வீட்டிலேயே தங்குகிறேன் அத்தை என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

"எதுக்கு கண்ணு உனக்குச் சிரமம்? ஓட்டல்லயே தங்கி, குளிச்சிட்டு நிதானமா வா. இங்க தண்ணி எப்ப நிக்குமோ தெரியல" என்றாள்.

அங்கே இப்போது போர்வெல் போட்டிருக்கிறார்கள், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் என்று அதற்கு முந்தின வாரம்தான் அவள் மகள் சொல்லியிருந்தாள்.

சரி அத்தை என்றேன்.