துண்டில் எழுதிய இலக்கம்

சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு வள்ளம் கொடுத்த தொண்டு நிறுவனத்தில் அவர் கணக்காளர். ஒல்லியான மனிதர். கழுத்துவரை பட்டன் பூட்டியிருப்பார். பேனாவை மூடிவிட்டுத்தான் எதையும் பேசுவார்.

நான் வள்ளத்துக்கு இஞ்சின் வாங்கப் புளியந்தீவு டவுனுக்குப் புறப்பட்ட அன்று ஒரு காகிதத் துண்டு தந்தார். அதில் ஓர் இலக்கம் மட்டும் இருந்தது.

“இதக் கடையில குடு. ஆள் அனுப்பினா எனக்குக் கொமிசன் வரும். ஒபிசில சொல்லிராத, வேல போயிரும்.”

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அந்தத் துண்டைப் பிடித்தான்.

“இது என்ன நம்பர்? யார் குடுத்தது?”

வரிசையில் எனக்குப் பின்னால் நிறுவனத்தின் வான் வண்டி நின்றது. கணக்காளரும் அவருடைய மேலதிகாரியும் அதில் இருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. என்னை ஓரமாக நிறுத்தினான். அப்படி நிறுத்தப்பட்ட சிலர் வீடு திரும்பியதில்லை.

அவர் இறங்கி வந்தார். கையிலிருந்த பேனாவை மூடினார்.

“அது என்ட துண்டு, சேர். கடைக்கு ஆள் அனுப்பிக் கொமிசன் எடுக்கிறன். அது என்ட இலக்கம்.”

மேலதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை விட்டார்கள். துண்டையும் தந்தார்கள்.

“போ தம்பி. துண்டக் குடுக்க மறந்திராத. இனி அதுதான் என்ட சம்பளம்” என்றார் கணக்காளர்.

அடுத்த கிழமை அலுவலகத்தில் அவருடைய கதிரையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அன்றே துண்டைக் கொடுத்திருந்த கடையில் விசாரித்தேன். கொமிசன் வாங்க அவர் வரவேயில்லை என்றார்கள்.